ஒரு ஆட்டத்துக்கு 25 புள்ளி: அயோவாவின் ஆஃபென்ஸையும் கோச்சுகளையும் எப்படி எடைபோடுவது?

கின்னிக்_வடக்கு

அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிய பேச்சு இது. அடுத்த சீசன் 2025 ஆகஸ்ட் கடைசியில்தான். ஆட்டம் நடக்கும்போது இதைப் பேசினால் கோபம்தான் வருகிறது. அதனால் ஆட்டம் இல்லாத இந்த நேரத்தில் இழையைத் தொடங்குகிறேன்.

அயோவா சிட்டிக்குப் படிக்க வந்து, வேலையும் அங்கேயே கிடைத்துத் தங்கிவிட்டவன் நான். இலையுதிர் காலச் சனிக்கிழமைகள் எல்லாம் கின்னிக் ஸ்டேடியத்தில்தான். முதல் குவார்ட்டர் முடிந்ததும் அரங்கமே எழுந்து, பக்கத்திலிருக்கும் குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களைப் பார்த்துக் கையசைப்போம். 2017-ல் தொடங்கிய வழக்கம் அது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த அணியை விட்டுப் போக மனம் வராது.

அந்த அணிதான் 2023-ல் 10 ஆட்டங்களில் வென்று, பிக் டென் என்ற பல்கலைக்கழக லீக்கின் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு ஆஃபென்ஸ், அதாவது பந்தை முன்னேற்றும் பிரிவு, எடுத்த யார்டுகளின் கணக்கில் நாட்டின் 133 அணிகளில் கடைசியாகவும் நின்றது. ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 235 யார்டைக்கூடத் தொடவில்லை. முந்தைய ஆண்டு 131 அணிகளில் 130-வது இடம். ஆக, ஒரு ஆண்டு நடந்த விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது.

அந்த ஆஃபென்ஸுக்குப் பொறுப்பான கோச், அதாவது ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அப்போது பிரையன் ஃபெரன்ஸ். ஹெட் கோச் அவருடைய அப்பா கர்க் ஃபெரன்ஸ், 1999 முதல் அதே நாற்காலியில் இருப்பவர். 2023 பிப்ரவரியில் பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தி, சம்பளத்தில் 50,000 டாலரைக் குறைத்து 850,000 ஆக்கினார்கள். கூடவே இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள்: அணி 7 ஆட்டங்களாவது வெல்ல வேண்டும், ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளி எடுக்க வேண்டும். 13 ஆட்டம் என்று வைத்தால் 325 புள்ளி. அந்த ஆண்டு முழுக்க ஊரில் எல்லார் வாயிலும் அந்த 325 தான்.

இலக்கு தப்பியது, அவர் போனார். என் கேள்வி அதைப் பற்றியதல்ல. ஒரு ஆஃபென்ஸை எடைபோட இது சரியான தராசா? தவறு அந்த ஒருவருடையது மட்டும்தானா? இல்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் மற்றவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும்.

எண்ணும்_எழுத்தும்

தராசைப் பற்றி முதலில் பேசிவிடலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த 25 புள்ளியில் எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸ் எடுத்ததும் சேரும், உதைக்கும் ஆட்டங்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸ் எடுத்ததும் சேரும். ஆஃபென்ஸ் கோச்சின் வேலையை அளக்க அடுத்தவர் உழைப்பையும் கூட்டிக்கொள்ளும் அளவுகோல் அது.

2022-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். ரட்கர்ஸை 27-10 என்று வென்றோம். அதில் இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோவது, கூடுதல் உதையோடு ஏழு புள்ளி) டிஃபென்ஸுடையது. கென்டக்கியை, சீசன் கடைசியில் நடக்கும் மியூசிக் சிட்டி பவுல் ஆட்டத்தில் 21-0 என்று வென்றோம். அங்கேயும் மூன்று டச்டவுனில் இரண்டு, எதிரணி எறிந்த பந்தைப் பிடித்துக்கொண்டு டிஃபென்ஸ் ஓடி எடுத்தது. அந்தச் சீசனின் முதல் ஆட்டம் எல்லாவற்றையும் மிஞ்சும். சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று வென்றோம். ஏழு புள்ளி என்றதும் ஒரு டச்டவுன் என்று நினைப்போம். இல்லை, ஒரு ஃபீல்டு கோலும் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) இரண்டு சேஃப்டியும். சேஃப்டி என்றால் எதிரணியை அவர்களுடைய எல்லைக்குள்ளேயே மடக்கி டிஃபென்ஸ் எடுக்கும் இரண்டு புள்ளி. ஏழில் நான்கு அப்படி வந்தது.

2023-ஐ உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 14 ஆட்டங்களில் எடுத்தது 216, கொடுத்தது 207. பத்து ஆட்டம் வென்று நான்கு தோற்ற அணிக்கு ஆண்டு முழுவதற்குமான வித்தியாசம் ஒன்பதே புள்ளி! பென் ஸ்டேட் 31-0, மிச்சிகன் 26-0, டென்னசி 35-0 என்று மூன்று ஆட்டங்களில் சுழியம். சரி, அவை வலுவான அணிகள் என்று அந்த மூன்றையும் விலக்கிவிடுங்கள். மீதி 11 ஆட்டங்களின் சராசரியும் 20-ஐத் தொடவில்லை. 25-ஐத் தாண்டியது இரண்டே ஆட்டங்களில்: வெஸ்டர்ன் மிச்சிகனோடு 41, மிச்சிகன் ஸ்டேட்டோடு 26. அந்த 26-லும் ஒரு டச்டவுன் கூப்பர் டிஜீன் பண்டை, அதாவது எதிரணி உதைத்துக் கொடுத்த பந்தை, பிடித்துக்கொண்டு 70 யார்டு ஓடியது.

நல்ல தராசு எதுவென்று கேட்டால், பந்து கைக்கு வந்த ஒவ்வொரு முறையும், அதாவது ஒவ்வொரு டிரைவிலும், ஆஃபென்ஸ் எத்தனை புள்ளி எடுத்தது என்று பார்க்க வேண்டும். எந்த இடத்தில் பந்து கிடைத்தது என்பதையும் சேர்க்க வேண்டும். எதிரணியின் 30 யார்டு கோட்டில் பந்தை வாங்கி ஃபீல்டு கோல் அடிப்பதும், சொந்த 10 யார்டு கோட்டிலிருந்து நகர்த்திக்கொண்டு போய் ஃபீல்டு கோல் அடிப்பதும் ஒன்றல்ல. அயோவா மெதுவாக ஆடும் அணி, டிரைவ்களின் எண்ணிக்கையே குறைவு. அப்படிப்பட்ட அணிக்கு ஆட்டத்துக்கு இத்தனை என்று இலக்கு வைப்பது கோச்சுக்கும் அநியாயம், ரசிகருக்கும் அநியாயம்.

இரட்டை_டைட்எண்ட்

நான் 2002 முதல் பார்க்கிறேன். தம்பிகள் சொல்லும் கணக்கு எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதரை எடைபோடும்போது முழு ஏட்டையும் புரட்டுங்கள்.

பிரையன் அந்தப் பொறுப்புக்கு வந்தது 2017-ல். அதற்கு முன் அயோவாவில் முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டராக ஆடியவர், தொழில்முறை அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் வேலை பார்த்தவர், 2012 முதல் இங்கே ஆஃபென்சிவ் லைனுக்குக் கோச். அப்பாவின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர் அல்ல. முதல் ஆண்டிலேயே ஓஹையோ ஸ்டேட்டை 55-24 என்று அடித்தோம். அன்று குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், நேட் ஸ்டான்லி ஐந்து டச்டவுன் எறிந்தார். அன்று ஒவ்வொரு முயற்சிக்கும் பிரையன் சொன்ன திட்டத்தை (பிளே கால்) பார்த்தவர்கள் யாரும் இவருக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். 2018-லும் 2020-லும் சராசரி 31 புள்ளிக்கு மேல். டி.ஜே. ஹாக்கன்சன், நோவா ஃபான்ட் என்று இரண்டு டைட் எண்ட்கள் (எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்கள்), தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் 2019 டிராஃப்டில் முதல் சுற்றிலேயே போனார்கள். ஒரே கல்லூரியின் இரண்டு டைட் எண்ட்கள் ஒரே ஆண்டில் முதல் சுற்றில் போவது சின்ன விஷயமா?

2023-க்கு வருவோம். மிச்சிகனிலிருந்து வந்த குவாட்டர்பேக் கேட் மெக்நமாரா ஐந்தாவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து சீசனையே இழந்தார். டைட் எண்ட் லூக் லேச்சி மூன்றாவது ஆட்டத்தில் போனார். அவர் இடத்தை நிரப்பிய எரிக் ஆல் விஸ்கான்சின் ஆட்டத்தில் போனார். இந்த ஆஃபென்ஸின் முதுகெலும்பே டைட் எண்ட்தான். மூவரையும் இழந்துவிட்டு, அனுபவமில்லாத டீக்கன் ஹில்லை வைத்துக்கொண்டு எந்தக் கோச் 25 புள்ளி எடுத்துக் காட்டுவார்?

கர்க் நம்புவது பழைய முறை. தவறு செய்யாதே, பண்ட் அடி, எதிரணி தவறு செய்யும் வரை காத்திரு. மெல்பர்னிலிருந்து வந்த டோரி டெய்லர் அந்த ஆண்டு பண்டில் உதைத்த மொத்த யார்டு, 1938-ல் வைக்கப்பட்ட தேசிய சாதனையை முறியடித்தது. டிஃபென்ஸ் கோச் ஃபில் பார்க்கரின் ஆட்களும் டெய்லரின் அந்தக் காலும் சேர்ந்து பத்து வெற்றி தந்தன. வெற்றிதானே கடைசிக் கணக்கு?

கின்னிக்_வடக்கு

அண்ணா, காயங்களைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பிரையனுக்குத் தொழில் தெரியாது என்றும் நான் நினைக்கவில்லை.

ஆனால் மெக்நமாரா நல்ல நிலையில் ஆடியபோதே பென் ஸ்டேட்டில் என்ன நடந்தது? மொத்த ஆட்டத்திலும் 76 யார்டு. 60 நிமிடத்தில் 45 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்கள் கையில். 2022-ல் இந்தக் காயங்கள் எதுவும் இல்லை, அப்போதும் சராசரி 17.7 தான். ஒரு சரிவு மூன்றாவது ஆண்டாகத் தொடரும்போது காயத்தை மட்டும் காரணம் காட்ட முடியவில்லை.

பத்து வெற்றி பெரியதுதான். அந்த வெற்றியை யார் சம்பாதித்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2023 அக்டோபர் 21, மினசோட்டா ஆட்டத்தில் நான் அரங்கில் இருந்தேன். இரண்டாம் பாதி முழுவதும் ஆஃபென்ஸ் எடுத்தது 12 யார்டு. கடைசியில் டிஜீன் பண்டைத் தூக்கிக்கொண்டு எல்லைவரை ஓடினார். பக்கத்தில் நின்றவர்களைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். அப்புறம் வீடியோவைப் பார்த்து, அவர் கையை ஆட்டியது செல்லாத ஃபேர் கேட்ச் சைகை (ஓடாமல் பிடித்துக்கொள்கிறேன் என்று காட்டுவது) என்று சொல்லி டச்டவுனை ரத்து செய்தார்கள். 12-10 தோல்வி. ஊரெல்லாம் நடுவரைத் திட்டியது. எனக்கோ ஆஃபென்ஸ் மேல்தான் வருத்தம். பண்டைத் திருப்பி ஓடும் பையன் ஒருவனை நம்பி ஒரு கோட்டையே நிற்க வேண்டிய நிலை ஏன் வந்தது? ஃபில் பார்க்கருக்கு அந்த ஆண்டின் சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராயில்ஸ் விருது கிடைத்தது. அவருடைய டிஃபென்ஸ் களத்தில் எத்தனை நேரம் கிடந்து உழைத்தது என்று நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது.

சோளக்காட்டு_வழி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் போன ஆகஸ்டில் அயோவாவில் சேர்ந்தாள். அவளோடு பேச ஒரு விஷயம் வேண்டும் என்று இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியவள் நான். நான்கு முயற்சியில் 10 யார்டு நகர்த்த வேண்டும், முடியாது என்று தோன்றினால் நான்காவதில் பந்தை உதைத்துக் கொடுத்துவிட வேண்டும், இதுவரை புரிகிறது. வீட்டில் டிவியில் பார்க்கும்போது, ஒரு முயற்சி தோற்றால் அது கோச் சொன்ன திட்டத்தின் தவறா, பையன்களின் தவறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்து_பேரில்_ஒருவன்

அக்கா, இதற்கு நான் பதில் சொல்கிறேன். இல்லினாயில் பள்ளி அணியில் மூன்று ஆண்டு கார்டாக, அதாவது குவாட்டர்பேக்கின் முன்னால் நிற்கும் ஐவரில் ஒருவனாக ஆடியிருக்கிறேன்.

பந்தைப் பார்க்காதீர்கள். ஸ்நாப் ஆவதற்கு முன்பு, அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் முன்பு, டிஃபென்ஸில் எத்தனை பேர் லைனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். தடுக்க நம்மிடம் ஆறு, ஏழு பேர் இருக்கும்போது அங்கே எட்டுப் பேர் நின்றால், உள்ளே ஓடுவது கணக்குப்படியே நஷ்டம். எப்பேர்ப்பட்ட லைனாலும் ஒருவரை விட்டுவிடத்தான் வேண்டும். அப்படி எட்டுப் பேர் நிற்கும்போதும் திரும்பத் திரும்ப முதல் டவுனில், அதாவது நான்கில் முதல் முயற்சியில், ஓட்டத்தையே கொடுத்தால் அது கோச்சின் தவறு. ஆறு பேர் நிற்கும்போது ஓடி, நம் பையன் தன் ஆளைத் தடுக்கத் தவறினால் அது பையனின் தவறு.

அயோவாவின் ஓட்டம் பெரும்பாலும் அவுட்சைட் ஜோன். ஐந்து லைன்மேன்களும் ஒரே பக்கமாக, ஒரே அடியாக எடுத்து வைப்பார்கள். ஓடுபவன் திறக்கும் சந்தைப் பார்த்து ஒரே வெட்டில் நுழைய வேண்டும். சொல்ல எளிது. ஆனால் ஐவரும் பல மாதம் ஒன்றாகப் பழகினால்தான் அந்த அடி ஒத்துவரும். ஒருவன் அரை அடி பிந்தினாலும் சுவர் உடைந்துவிடும். 2021 வரை நடுவில் டைலர் லிண்டர்பாம் நின்றார், நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது வாங்கியவர். அவர் டிராஃப்டில் முதல் சுற்றில் போனதும் நடுவே ஓட்டை விழுந்தது. அதே ஓட்டத் திட்டம், அதே பிளே ஏடு, ஆனால் அதை நடத்திக் கொடுத்த ஆள் இல்லை. கையில் இருக்கும் பையன்களுக்கு ஏற்பத் திட்டத்தை மாற்றாதது கோச்சின் தவறு என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள், அக்கா. ஸ்நாப்புக்கு முன், எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவன் குறுக்கே நகர்வதை மோஷன் என்பார்கள். அவன் பின்னாலேயே ஒரு டிஃபெண்டர் ஓடினால் ஆளுக்கு ஆள் காவல். யாரும் ஓடவில்லை என்றால் இடத்துக்குக் காவல். குவாட்டர்பேக்குக்கு இலவசமாகக் கிடைக்கும் தகவல் இது. 2023-ல் அயோவா அதைக் குறைவாகவே பயன்படுத்தியது. புதிய கோஆர்டினேட்டர் டிம் லெஸ்டர் 2024-ல் வந்ததும் முதலில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றமே அதுதான்.

சோளக்காட்டு_வழி

ரொம்ப நன்றி தம்பி. எட்டுப் பேரை எண்ணுவது என்னாலும் முடியும் என்று நினைக்கிறேன்.

எண்ணும்_எழுத்தும்

லெஸ்டர் பெயர் வந்ததால் 2024-ஐயும் வைத்துவிடுகிறேன். அதே ஹெட் கோச், அதே ஓட்டத் தத்துவம். 2023-ல் 15.4 ஆக இருந்த சராசரி 27.7 ஆனது. விஸ்கான்சினை 42-10, வாஷிங்டனை 40-16 என்று வென்றார்கள். கேலப் ஜான்சன் மட்டும் 1,537 யார்டு ஓடி, ஓட்டத்தில் 21 டச்டவுன் எடுத்தார். கோச் மாறியதும் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது.

ஆனால் இரண்டு தடைகள் உண்டு. கேலப் 2023-லும் இதே அணியில்தான் இருந்தார். காயத்தால் பல ஆட்டங்களை விட்டார், 500 யார்டைக்கூட எட்டவில்லை. ஆக, வளர்ச்சியில் ஒரு பங்கு லெஸ்டருடையது, ஒரு பங்கு கேலபின் உடம்பு ஒத்துழைத்தது. அடுத்து, எறிவதில் 2024-லும் நாட்டின் அடிவரிசையில்தான் இருந்தோம். பத்து வெற்றி எட்டானதையும் மறக்க வேண்டாம். புள்ளி ஏறியும் வெற்றி குறைந்தது.

இரட்டை_டைட்எண்ட்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 2024-ல், இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான அயோவா ஸ்டேட்டோடு பாதி ஆட்டத்தில் 13-0 என்று முன்னால் இருந்து 20-19 என்று தோற்றோம். 2023-ல் அந்த ஆட்டத்தை வென்றிருப்போம்.

கின்னிக்_வடக்கு

இருக்கலாம் அண்ணா. எனக்கு 2024 சொல்வது வேறு. கர்க்கின் தத்துவமே தடை என்று பலர் சொன்னார்கள். அந்தத் தத்துவத்துக்குள்ளேயே நின்று, ஓட்டத்தை முதலில் வைத்து, ஆட்டத்துக்குப் பன்னிரண்டு புள்ளி கூட்ட முடிந்திருக்கிறது. அப்படியானால் அதை 2021-லேயே, 2022-லேயே ஏன் செய்யவில்லை? யாரும் ஏன் கேட்கவில்லை?

உறவினர் விதி காரணமாக, பிரையன் முறைப்படி அப்பாவுக்குக் கீழே வேலை செய்யவில்லை. காகிதத்தில் அவருடைய மேலதிகாரி தடகள இயக்குநர் கேரி பார்ட்டா. அப்பா அன்றாடம் வேலை வாங்குவார், மதிப்பீட்டுக் கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. எந்த மூன்றாவது டவுனில் என்ன திட்டம் போட்டார்கள், எந்த ரிசீவருக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று மீட்டிங் அறையில் உட்கார்ந்து பார்ப்பவர் ஹெட் கோச். வேலை சரியில்லை என்றால் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல வேண்டியவரும் அவரே. அந்தப் பேச்சுக்கு இடமில்லாத ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதன் இடத்தில் 25 என்று ஒரு எண்ணைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த எண் அந்த மனிதருக்கும் நல்லது செய்யவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்கோர்போர்டின் பக்கத்தில் நாடே அவர் வேலையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தது. எந்தக் கோச்சுக்கும் அந்த அவமானம் வரக் கூடாது.

முடிவும் அப்படித்தான் வந்தது. 2023 அக்டோபர் 30, அணி 6 வெற்றி 2 தோல்வி என்று இருந்தபோது, பார்ட்டாவுக்குப் பின் வந்த இடைக்காலத் தடகள இயக்குநர் பெத் கோட்ஸ் இந்தச் சீசனோடு பிரையன் விலகுவார் என்று அறிவித்தார். அதன் பிறகும் அவரே பிளே கால் செய்தார், அடுத்த நான்கு ஆட்டங்களையும் வென்றோம். நார்த்வெஸ்டர்னோடு 10-7, இல்லினாயோடு 15-13, நெப்ராஸ்காவோடு 13-10. போகப் போகிறார் என்று தெரிந்தும் அந்தப் பையன்கள் அவருக்காக ஆடினார்கள். அதையும் அவர் கணக்கில் எழுத வேண்டும்.

ஐந்து_பேரில்_ஒருவன்

கோச்சுகளை எடைபோட இன்னொரு வழியும் உண்டு. இங்கிருந்து போன பையன்கள் போன இடத்தில் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். சார்லி ஜோன்ஸ் 2021-ல் அயோவாவில் பிடித்தது 21 பந்து. அடுத்த ஆண்டு பர்டூ பல்கலைக்கழகம் போய் 110 பந்து பிடித்தார், 1,361 யார்டு. டைரோன் டிரேசி இங்கே ரிசீவர். அவரும் பர்டூ போய், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்காக மாறினார், 2024-ல் தொழில்முறை அணியான நியூயார்க் ஜயன்ட்ஸுக்குப் போனார். இவர்கள் இங்கே இருந்தபோது அந்தத் திறமையை ஏன் பார்க்க முடியவில்லை? எனக்கு யார்டு கணக்கைவிட இதுதான் அதிகம் வலித்தது. 2024-ல் லெஸ்டரோடு ரிசீவர் கோச்சையும் மாற்றினார்கள். அந்த மாற்றத்தின் பலனை ஒரே ஆண்டில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இரட்டை_டைட்எண்ட்

சார்லி ஜோன்ஸ் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, தம்பி. பர்டூ நம்மைவிட எத்தனையோ மடங்கு எறியும் அணி, எண்ணிக்கை கூடத்தான் செய்யும். ஆனால் 21-க்கும் 110-க்கும் நடுவில் இருக்கும் தூரம் அதை மட்டும் வைத்து விளங்காது. கர்க் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையாது. மகனை அந்த இடத்தில் இத்தனை ஆண்டு வைத்திருந்தது இருவருக்குமே நல்லதாக முடியவில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

சோளக்காட்டு_வழி

இந்த 2025 சீசனில் பந்தை எறியப் போவது யார்? மகள் ஒரு பெயர் சொன்னாள், சரியாகக் காதில் விழவில்லை.

எண்ணும்_எழுத்தும்

மார்க் குரனோவ்ஸ்கி, அக்கா. சவுத் டகோட்டா ஸ்டேட்டுக்கு, நமக்கு ஒரு படி கீழே உள்ள பிரிவில், 2022, 2023 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். மேலே நான் எழுதிய 7-3 ஆட்டத்தில் எதிரணியின் குவாட்டர்பேக் அவர்தான். நம் ஆஃபென்ஸ் ஒரு டச்டவுன்கூட எடுக்காததை அன்று எதிரே நின்று பார்த்தவர், பிறகு இந்த அணியையே தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார். வசந்த காலத்தில் தோள் அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்தார்.

கின்னிக்_வடக்கு

முதல் ஆட்டம் ஆகஸ்ட் 30, கின்னிக்கில், ஆல்பனியோடு. நான் வடக்குப் பக்கத்தில் இருப்பேன். ஒவ்வொரு டிரைவும் எங்கே தொடங்கியது, முதல் டவுனில் எத்தனை பேர் எதிரே நின்றார்கள், ஓடினார்களா எறிந்தார்களா என்று ஒரு நோட்டில் குறித்து, இரவே இங்கே போடுகிறேன். அக்கா, நீங்களும் டிவியில் எண்ணுங்கள். ஒத்துப் பார்க்கலாம்.